காந்தல்

மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள் ஐர்வென் புரோபர்ட்.
செத்த வண்டை வைப்பதுபோலக்
கவுண்டரில் வைக்கிறாள் அதை.
"தீய்ந்த பஞ்சு. நாள் பூராவும் நாக்கில் தீய்ந்த பஞ்சு."

அபர்டேரில் மழை. கடைக்குள்
மாம்பழம், புதினா, தர்பூசணி என்று
எந்தப் பழத்திலும் இல்லாத வாசனைகள்.
என் பெயர் கெத்தின்.
அடுத்தவர் வாயின் கசப்பை விசாரிப்பது
பதினெட்டு மாதமாக என் உத்தியோகம்.

திறக்கிறேன்.
டேங்க்கில் பாதிக்கு மேல் திரவம் இருக்கிறது.
காயில், போன வாரம் நானே மாற்றியது.
துளைக்குப் பின்னால் வெள்ளையாய் இருக்க வேண்டிய பஞ்சு
தேநீர்க் கறையின் நிறத்தில்,
நடுவே மிளகளவு கரி.

"புதுக் காயில் போட்டதும் ஊறவிட்டீர்களா?"
"பத்து நிமிடம் என்றாய்.
பூனைக்குத் தீனி வைத்தேன், பல் தேய்த்தேன்,
பன்னிரண்டே ஆகியிருக்கும்."

"வாட்?"
"பதினைந்து."
பார்த்தேன், பதினைந்துதான்.
பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை தாங்குவேன் என்று
காயிலின் கழுத்திலேயே பொறித்திருக்கிறது.

"இனிப்பு ருசியா? கம்பியில் பாகு கட்டும், பாகு கருகும்."
"புகையிலை ருசி. இனிப்பு எனக்கு ஆகாது, டாக்டரைக் கேள்."

பேட்டரி சரி. காற்றுத் துளையில் அடைப்பில்லை.
எனக்குத் தெரிந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன.
எல்லாம் சரியாக இருந்து நாக்கு மட்டும் கசந்தால்
யாரைக் குற்றம் சொல்வது?

"புதுசு ஒன்று போட்டுத் தருகிறேன்.
ஊறியதும் வெளியே வந்து, என் முன்னால் இழுங்கள்."

பன்னிரண்டு நிமிடம் கழித்து, கூரைச் சாய்ப்பின் கீழ் இழுத்தாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நடுவில் மூச்சுவிட்டாளா என்றே தெரியவில்லை.
ஏழாவது இழுப்பில் முகம் சுளித்தாள். வந்துவிட்டது காந்தல்.
அத்தனை இழுப்பிலும் அவள் கண்
மணிக்கட்டில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன் இந்த அவசரம்?"
"அவசரமா? இதுதான் என் நேரம்."

பென்ரிவ் மேட்டுக்குப் பஸ் ஓட்டுகிறாள்.
கடைசி நிறுத்தத்தில் முன்பெல்லாம்
பதினோரு நிமிடம் நிற்கும் பஸ்.
மார்ச்சிலிருந்து நான்கு.
அந்த நான்கில், கழிவறைக்குப் போய்வர ஒன்றரை.
மிச்சம் இருக்கிற இரண்டரையில்
பதினோரு நிமிடப் புகையையும் இழுத்தாக வேண்டும்.

சொன்னேன்:
கம்பி எரிக்கிற வேகத்துக்குப் பஞ்சு குடிக்காது.
ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு அரை நிமிடம் கொடுங்கள்.
இல்லையென்றால் கம்பி காய்ந்த பஞ்சைத்தான் சுடும்,
நீங்கள் அதைத்தான் குடிப்பீர்கள்.

"அரை நிமிடம் என்ன விலை?" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே,
அப்படியொன்று இருந்துவிடாதா என்று.
கடைசியில் வாட்டைப் பன்னிரண்டுக்கு இறக்கினேன்.
தேன்போல நகரும் திரவத்தைக் கொட்டிவிட்டு
தண்ணியாக ஓடுகிற ஒன்றை நிரப்பி,
இன்னொரு காயிலும் போட்டுக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை. முதலாளிக்குச் சொல்லவுமில்லை.

மூன்று வாரம் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள், சீருடையில்.
கவுண்டரில் முதலில் ஒரு கடிதம்:
பென்ரிவில் புறப்பாடு தாமதம், ஒன்பது தடவை,
சராசரி மூன்று நிமிடம், விளக்கம் தேவை.
அதன்மேல் பேப்பர்வெயிட்டாக மின்சிகரெட்.

"திறந்து பார்."

திறந்தேன்.
நனைந்த பஞ்சு, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான்.
கரி எங்கும் இல்லை.

"என்ன விளக்கம் எழுதப் போகிறீர்கள்?"
"நீ எழுது. காயில் பற்றியெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

கையில் பேனாவோடு நின்றேன்.
அதற்குள் வெளியே ஹாரன்,
யாரோ அவளுடைய பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு.
கூடுதலாக ஒரு காயில் எடுத்துக்கொண்டாள்,
நோட்டை வைத்தாள்,
சில்லறையை வாங்காமல் நடந்தாள், ஓடாமல்.